ஒரே வகுப்பை வைத்து ஆய்வேடு: கட்டுப்பாட்டுக் குழுவுக்கு எங்கே போவது?

மலையடிவார டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார், நாலும் ஐந்தும் என் பொறுப்பு. இரண்டு வகுப்பும் சேர்த்து 22 பிள்ளைகள், ஒரே அறை, ஒரே கரும்பலகை.

ஆன்லைனில் எம்.ஏ. கல்வியியல் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு, ஆய்வேடு கட்டாயம். தலைப்பைத் தேடி நான் எங்கும் போகவில்லை, வகுப்பிலேயே கிடந்தது. என் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வாசிப்பு தடுக்குகிறது. எங்கே தடுக்குகிறது என்று உட்கார்ந்து கேட்டால், முக்கால்வாசி உகரத்திலும் ஊகாரத்திலும்தான். கால் போட்டால் ஆ, மேலே கொக்கி போட்டால் இ என்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் உகரத்துக்கு ஒரே குறி கிடையாதே. சு, பு, யு, வு எல்லாம் கீழே ஒரு கோடு இறங்கும். து, நு, லு, று, னு கீழே போய் வளைந்து மேலே ஏறும். கு, டு, மு, ரு, ழு, ளு எழுத்தோடு சுருண்டு ஒட்டிக்கொள்ளும். ஊகாரத்துக்கு வந்தால் கூ யாரோடும் சேராமல் தனியாக நிற்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னாவையும் ணை, லை, ளை, னையையும் ஒழுங்குபடுத்தியது. உகரத்தில் கை வைக்கவில்லை. அந்தப் பாரத்தை என் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

அதனால் க, ங, ச என்று வரிசையாகப் போகாமல், ஒரே மாதிரி வடிவம் மாறும் எழுத்துகளைக் குடும்பமாகச் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்று யோசித்திருக்கிறேன். வாரம் ஒரு குடும்பம். சொற்களை விதைப் பாக்கெட், ரேஷன் கடைப் பலகை, பேருந்துப் பலகை என்று அவர்கள் கண்ணில் படுகிற இடங்களிலிருந்து எடுத்துக்கொள்வேன். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட அட்டைகள் இருக்கின்றன, அவற்றையும் பயன்படுத்துவேன். ஆனால் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைப்பிரிவு இந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று எனக்குச் சொல்வதில்லை.

இனி சிக்கலுக்கு வருகிறேன். போன வாரம் இணையச் சந்திப்பில் என் வழிகாட்டி மூன்று விஷயம் சொன்னார். மாதிரி, அதாவது ஆய்வில் சேர்க்கும் பிள்ளைகள், 30-க்குக் குறையக் கூடாது. கட்டுப்பாட்டுக் குழு, அதாவது புது முறையில் சொல்லித் தராமல் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளும் பிள்ளைகள், வேண்டும். இன்மைக் கருதுகோள் ('முறையால் வேறுபாடு இல்லை' என்ற தொடக்க அனுமானம்) எழுதி டி-டெஸ்ட் (சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) போட வேண்டும். எனக்கு வேறு பிரிவே இல்லையே என்றேன். "பக்கத்துப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் வகுப்பைப் பாதியாகப் பிரியுங்கள்" என்றார்.

பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சாலையோரத்து ஊர்க்காரர்கள், பாதிப் பேர் மாலையில் டியூஷன் போகிறவர்கள். அங்கே உள்ள ஆசிரியரும் வேறு மாதிரி. என்ன ஒப்பீடு அது? அதோடு அந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வு மட்டும் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லித் தராமல் வருவதற்கு மனசு வரவில்லை. என் வகுப்பைப் பிரிப்பது இன்னும் வேடிக்கை. ஒரே அறையில் ஒரு பாதி காதைப் பொத்திக்கொண்டு உட்காருமா?

கேட்க வேண்டியவை: கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் நம்பத்தகுந்த ஆய்வு செய்ய வழி இருக்கிறதா? ஒன்பது பேர் உண்மையிலேயே போதாதா? பிள்ளைகள் வாசிப்பதைப் போனில் பதிவு செய்யலாமா, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? முன்மொழிவு இந்த மாதக் கடைசிக்குள் போக வேண்டும்.

ஒன்றியத் தோழர்

டீச்சர், ஆய்வு முறையெல்லாம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் காகித வேலையை மட்டும் சொல்கிறேன். படிப்பில் சேரும் முன்பே துறை அனுமதி வாங்கிப் பணிப்பதிவேட்டில் ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது படிப்பதற்கான அனுமதி மட்டும்தான். பள்ளியில் ஆய்வு செய்ய, தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, கையொப்பமிட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அதைக் கேட்பார்கள்.

இன்னொன்று. இந்தப் படிப்பை எம்.எட்.டுக்குச் சமம் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ஊக்க ஊதிய உயர்வுக்காக என்றால் அதுவும் 2020 மார்ச் அரசாணையோடு போய்விட்டது. எங்கள் ஒன்றியத்தில் அதற்கு அப்புறம் மேற்படிப்பு விண்ணப்பமே பாதியாகக் குறைந்துவிட்டது. நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் படிக்க வேண்டும் என்றுதான் படிக்கிறீர்கள். வாழ்த்துகள்.

சுண்ணக்கட்டி

அம்மா, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செயலாராய்ச்சி, அதாவது ஆசிரியர் தன் வகுப்பிலேயே செய்யும் ஆய்வு, அந்த அறிக்கைகளை மூட்டை மூட்டையாகப் படித்தவன். எல்லாம் ஒரே அச்சு. முன்தேர்வு, பதினைந்து நாள் பயிற்சி, பின்தேர்வு, சராசரி ஏறியது, டி மதிப்பு 0.05 நிலையில் பொருளுடையது, முறை வெற்றி. தோற்றுப்போன ஒரு செயலாராய்ச்சியை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை. ஒரு மாவட்டம் முழுக்க எல்லா முறையும் வெற்றி என்றால், அந்தத் தேர்வுமுறை எதையும் சலிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

ஆகவே உங்கள் வழிகாட்டி கட்டுப்பாட்டுக் குழு கேட்பதில் நியாயம் உண்டு, அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு முன்தேர்வும் பின்தேர்வும் வைத்தால் மட்டும் ஏன் போதாது என்பதை அமெரிக்காவில் கேம்பெலும் ஸ்டான்லியும் 1963-லேயே பட்டியல் போட்டுவிட்டார்கள். இடையில் பிள்ளை தானாகவே வளர்ந்திருக்கலாம். ஊருக்குள் யாராவது மாலை வகுப்பு தொடங்கியிருக்கலாம். முன்தேர்வே ஒரு பயிற்சியாகியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அன்றைக்கு மிகக் குறைவாக வாங்கிய ஒன்பது பேரைப் பொறுக்கி எடுத்தால், அடுத்த தேர்வில் அவர்களில் சிலர் நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஏறத்தான் செய்வார்கள். முதல் நாள் காய்ச்சலோடு வந்த பிள்ளை இரண்டாம் நாள் நன்றாக வாசிக்காதா?

ஆனால் இதையெல்லாம் கழித்துக்கட்ட இன்னொரு பள்ளிதான் வேண்டும் என்பது இல்லை. உங்கள் பிள்ளைகளே தங்களுக்குத் தாங்கள் கட்டுப்பாடாக இருக்கலாம். 1968-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர், வுல்ஃப், ரிஸ்லி என்ற மூவர் விளக்கி எழுதிய வடிவமைப்பு ஒன்று இருக்கிறது. பல அடித்தள வடிவமைப்பு என்று முன்மொழிவில் எழுதுங்கள். உங்கள் வகுப்புக்கு அது இப்படி வரும்.

சொல்லித்தர வேண்டிய எழுத்துகளை மூன்று தொகுதியாகப் பிரியுங்கள். முதல் தொகுதி, நீங்கள் சொன்ன உகர ஊகாரம்: முறுக்கு, நுங்கு, பூட்டு, தூண், கூழ், சூடு. இரண்டாவது, இடப்பக்கம் குறி வருகிறவை: தேள், பெட்டி, மேடை, சேலை, பை. எழுதும்போது முன்னால் நின்று சொல்லும்போது பின்னால் வருகிற ஒலி, அதுவும் பிள்ளைகளுக்குத் தடங்கல்தான். மூன்றாவது, ற்ற, ன்ற சேர்க்கை: காற்று, நாற்று, கன்று, பன்றி.

இப்போது ஒன்றையும் சொல்லித் தராமல் மூன்று தொகுதியையும் வாரம் இரண்டு முறை வாசிக்க வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வரைபடத்தில் தொகுதிக்கு ஒரு கோடாகப் புள்ளி வையுங்கள். ஐந்து புள்ளியாவது வேண்டும். கோடு ஏறாமல் கிடக்கிறது என்று தெரிந்ததும் முதல் தொகுதியை மட்டும் சொல்லித் தரத் தொடங்குங்கள். மற்ற இரண்டையும் அளப்பது நிற்கக் கூடாது. முதல் கோடு ஏறி நிலைத்ததும் இரண்டாவது தொகுதி. அது ஏறியதும் மூன்றாவது.

எந்தத் தொகுதியை எப்போது தொட்டீர்களோ அப்போதுதான் அந்தக் கோடு எழுந்தது, தொடாதவை கிடந்த இடத்திலேயே கிடந்தன என்று மூன்று முறையும் தெரிந்தால், மாலை வகுப்பு, வயது, முன்தேர்வுப் பழக்கம் என்று யாரும் பேச முடியாது. மாலை வகுப்பு உகரத்தை மட்டும் ஆடியிலும் ஒற்றைக் கொம்பை மட்டும் புரட்டாசியிலும் ஏற்றிவிடுமா என்ன? மூன்று கோடும் ஒன்றாக ஏறினால் உங்கள் முறை வேலை செய்யவில்லை, வேறு ஏதோ செய்கிறது. அதையும் அப்படியே எழுதுங்கள். அப்படி எழுதுகிற முதல் ஆள் நீங்களாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

எந்தப் பிள்ளைக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். மூன்று தொகுதியும் எல்லாருக்கும் வரும், முன்னே பின்னே வரும், அவ்வளவுதான். பாடப்புத்தகமும் அதைத்தானே செய்கிறது.

மாதிரி அளவு பற்றி. டி-டெஸ்டுக்கு 30 பேர் வேண்டும் என்ற பேச்சு எங்கிருந்து நம் கல்வியியல் வட்டாரத்துக்குள் புகுந்தது என்று நானும் ரொம்ப நாளாகத் தேடுகிறேன். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அந்தக் கணக்கை எழுதியதே மாதிரி சிறியதாக இருக்கும் இடங்களுக்காகத்தான். அவர் கட்டுரையில் போட்டுக் காட்டிய கணக்கு பத்துப் பேர் மருந்து சாப்பிட்டு எவ்வளவு கூடுதலாகத் தூங்கினார்கள் என்பது. பத்துப் பேர்! உங்களிடம் ஒன்பது பேர். சிறிய விளைவாக இருந்தால் ஒன்பது பேரில் அது கண்ணில் படாமல் போகலாம், அது வேறு. இந்த வடிவமைப்பில் வரைபடம்தான் முதல் சான்று. வழிகாட்டிக்குக் கணக்கும் வேண்டும் என்றால் வில்காக்சன் குறியிட்ட தர சோதனை (முன்னும் பின்னும் வாங்கிய மதிப்பெண் வேறுபாடுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் கணக்கு) போட்டுக் கொடுங்கள். 1945-லிருந்து இருக்கிறது, ஒன்பது பேருக்குக் கையாலேயே போடலாம்.

கடைசியாக, மதிப்பெண்ணை நீங்களே போடாதீர்கள். நமக்குப் பிடித்த பிள்ளை திக்கினால் நம் காது அதைச் சேர்த்து வைத்துக் கேட்கும், ஆசிரியர் காது அப்படித்தான் பழகியிருக்கிறது. வாசிப்பைப் பதிவு செய்து, எந்த வாரத்தது என்று தெரியாதபடி கோப்புகளைக் கலைத்து, இன்னொருவரிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று காட்டுங்கள்.

மலையடிவார டீச்சர்

சார், இதைப் படித்துவிட்டு நேற்றே சொற்பட்டியல் போட உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் ஓர் ஓட்டை தெரிகிறது. மூன்றாம் தொகுதிக்கு நீங்கள் கொடுத்த காற்று, நாற்று, கன்று மூன்றும் முடிவதே உகரத்தில். முதல் தொகுதியில் 'று' சொல்லிக் கொடுத்ததும் மூன்றாவது கோடும் ஏறிவிடுமே? தமிழில் உகரத்தில் முடியாத சொல்லைத் தேடுவதே பெரிய வேலையாக இருக்கிறது. வெற்றி, நெற்றி என்று போனால் ஒற்றைக் கொம்பு வந்து இரண்டாம் தொகுதியோடு முட்டுகிறது. கற்றாழை, ஒற்றை என்றால் ஐகாரம்.

கடைசியில் தேறியவை: நன்றி, பன்றி, மன்றம், வற்றல், மாற்றம், ஏற்றம், ஆற்றல். இதில் பன்றியும் வற்றலும் தவிர மற்றவை என் பிள்ளைகள் வாயில் தினம் வராத சொற்கள். வாசிக்கத் தடுமாறினால் எழுத்தால் தடுமாறினார்களா, சொல் தெரியாமலா என்று எப்படிப் பிரிப்பது?

நீலமை

டீச்சர், நான் தர்மபுரி பக்கம், நடுநிலைப்பள்ளி. இதே மாதிரி ஆன்லைன் படிப்பு முடித்து வாய்மொழித் தேர்வும் தாண்டியவன். சுண்ணக்கட்டி ஐயா சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதன் சாய்வு எனக்கு ஒப்பவில்லை.

உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். எந்த எழுத்தில் எந்தப் பிள்ளை நிற்கிறது என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். ஆய்வு அங்கேயே தொடங்கிவிட்டது. செயலாராய்ச்சி என்ற பேச்சை 1946-ல் எடுத்த குர்ட் லெவின் கேட்டதும், 1953-ல் அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்த கொலம்பியா ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீஃபன் கோரி கேட்டதும், செய்கிறவரே பார்த்து, திருத்தி, மறுபடி செய்ய வேண்டும் என்பதுதான். பல அடித்தள வடிவமைப்பில் இடையில் எதையும் மாற்ற முடியாது. இரண்டாம் வாரமே 'இந்த அட்டை சரிப்படவில்லை, பாட்டாக்கிப் பார்க்கலாம்' என்று உங்களுக்குத் தோன்றும். வரைபடத்துக்காக அதைச் செய்யாமல் இருப்பீர்களா? அந்த மாற்றத்தை என்றைக்கு, ஏன் செய்தீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதுவதுதான் உங்கள் ஆய்வின் சதை. என் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அட்டவணையைப் புரட்டக்கூட இல்லை. குறிப்பேட்டிலிருந்து எடுத்துப் போட்டிருந்த நாலு பக்கத்தைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்டார்.

மதிப்பெண் விஷயத்தில் இன்னொன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை 'நாற்று' என்ற சொல்லைப் பார்த்து 'நாத்து' என்று வாசித்தால் சரியா, தவறா? 'பன்றி'யைப் 'பன்னி' என்றால்? எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை அப்படிச் சொல்லவே முடியாது. எழுத்தைப் படித்து, சொல்லைப் பிடித்து, தன் வீட்டுப் பேச்சில் திருப்பித் தருகிறது. வெளியாள் யாராவது மதிப்பெண் போட்டால் தவறு என்று கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார். யார் நன்றாக வாசிக்கிறார்களோ அவர்கள்தான் அதில் அடிபடுவார்கள். அதனால் சரி, தவறு, பேச்சு வடிவம் என்று மூன்று கட்டம் போடுங்கள், போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அனுமதி பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. சொல்லித் தருவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அது உங்கள் வேலை. பிள்ளையின் வாசிப்பை ஆய்வேட்டில் பயன்படுத்தவும் குரலைப் பதியவும்தான் ஒப்புதல். இந்த இரண்டையும் பெற்றோரிடம் பிரித்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'கையெழுத்துப் போடாவிட்டால் டீச்சர் சொல்லித்தர மாட்டாங்க' என்று நினைப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம், ஆனால் கையெழுத்தை அங்கேயே வாங்க வேண்டாம். நாலு பேர் முன்னால், அதுவும் டீச்சர் கேட்டால், நம் ஊரில் யார் மறுப்பார்கள்? படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, தலைமையாசிரியரிடம் திருப்பித் தரச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் குழுவில் இருக்கும் ஒரு பெற்றோர் படித்துச் சொல்லட்டும். பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்றைக்கு வாசிக்க மாட்டேன் என்றால் அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

குரல் மட்டும் போதும், வீடியோ வேண்டாம். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தைகள்தான், பெற்றோர் ஒப்புதல் என்ற பேச்சு அதிலும் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மதிப்பெண் போடுகிறவர் உங்கள் போனிலேயே கேட்கட்டும். அப்புறம், பெயருக்குப் பதில் எண் போட்டால் அடையாளம் மறைந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 22 பேர் உள்ள வகுப்பறையில் 'மாணவி 7, தந்தை கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை, பாட்டியிடம் வளர்கிறார்' என்று எழுதினால் ஊரில் யாருக்குத் தெரியாது? ஆய்வுக்குத் தேவைப்படாத குடும்பக் கதையை எழுதவே எழுதாதீர்கள்.

சுண்ணக்கட்டி

நீலமை தம்பி சொன்ன மூன்று கட்டம் நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை. குறிப்பேடும் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முறையை இடையில் மாற்றக் கூடாது என்று இந்த வடிவமைப்பில் விதி எதுவும் இல்லை. மாற்றிய இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதற்கு அப்புறம் புதிய கட்டம் என்று பெயர் வைத்துவிட்டால் போயிற்று. அட்டையில் ஏறாத கோடு பாட்டில் ஏறியது என்றால் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். மாற்றத்தைக் குறிக்காமல் விடுவதுதான் கூடாது. புறத்தேர்வாளர் அட்டவணையைப் புரட்டவில்லை என்பது அட்டவணையின் குறையா, புறத்தேர்வாளரின் குறையா என்று நான் கேட்கப் போவதில்லை.

டீச்சர், ஓட்டையைச் சரியாகப் பிடித்தீர்கள். இந்த வடிவமைப்பு நிற்பதும் விழுவதும் அந்த இடத்தில்தான், தொகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று கசியக் கூடாது. இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, சொல்லுக்கு மதிப்பெண் போடாமல் இலக்கு எழுத்துக்கு மட்டும் போடுவது. 'நாற்று' என்ற சொல்லில் ற்ற இடத்தைச் சரியாக ஒலித்தானா என்பது மட்டும் மூன்றாம் தொகுதிக் கணக்கு, கடைசி உகரத்தில் என்ன செய்தான் என்பது இதில் சேராது. அப்படிச் செய்தால் காற்று, நாற்று, கன்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். தம்பி கேட்ட 'நாத்து' இங்கே தனிக் கட்டத்தில் விழும்.

இரண்டாவது வழி, பொருளற்ற சொல். மற்றல், கன்றம், வாற்றி என்று நீங்களே உண்டாக்கிய சொற்கள் தொகுதிக்கு ஐந்து சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்க வகுப்பு வாசிப்பை அளக்கும் ஏக்ரா கருவியிலும் இப்படி ஒரு பகுதி உண்டு. வாயில் வராத சொல் என்ற சிக்கல் அதில் எல்லாருக்கும் சமம், தெரிந்த சொல்லை ஊகித்துச் சொல்லவும் வழியில்லை. ஆனால் விளையாட்டு என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். சொல்லாமல் கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் 'வாற்றி'யை 'மாற்றி' என்று திருத்தி வாசித்துவிடும், நீங்கள் தவறு என்று குறிக்க வேண்டி வரும்.

இன்னொரு கசிவையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தொகுதியில் ஒகர ஓகாரத்தைச் சேர்க்காமல் விட்டது வேண்டுமென்றேதான். கெ, கே வந்துவிட்டால் கொ, கோ பாதி இலவசமாக வந்துவிடும். அவற்றை அளந்து மட்டும் வையுங்கள், சொல்லித் தர வேண்டாம். கெ சொல்லிக் கொடுத்ததும் சொல்லித் தராத கொவும் ஏறினால், பிள்ளைகள் குறியை மனப்பாடம் செய்யவில்லை, அமைப்பைப் பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆய்வேட்டில் தனியாக ஒரு பத்தி எழுதலாம்.

மலையடிவார டீச்சர்

ரொம்ப நன்றி சார், நீலமை சாருக்கும். முன்மொழிவில் பல அடித்தள வடிவமைப்பு என்றே எழுதிவிட்டேன். வழிகாட்டியிடம் கோசெட் கதையைச் சொன்னேன், சிரித்தார், "சரி, வில்காக்சனும் சேர்த்துப் போடுங்கள்" என்றார். கட்டுப்பாட்டுக் குழுப் பேச்சு அத்தோடு நின்றது. மதிப்பெண் போட எங்கள் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற அக்காவைக் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டாவது முடித்தவர், பிள்ளைகள் பேச்சு அவருக்கு அத்துப்படி. இரண்டாவது ஆளாகத் தலைமையாசிரியர்.

ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. இரண்டாம் தொகுதி முடியும் நேரத்தில் அரையாண்டு விடுமுறை வந்துவிடும். அதை ஒட்டி அறுவடையும் பொங்கலும். அந்தச் சமயத்தில் ஒன்பதில் மூன்று பேராவது பள்ளிக்கு வர மாட்டார்கள். மூன்றாம் கோட்டில் ஓட்டை விழுமே?

சுண்ணக்கட்டி

சமையல் அக்கா நல்ல தேர்வு. ஆனால் உங்கள் முறை எந்த வாரம் எந்தத் தொகுதிக்கு வந்தது என்று அவருக்குத் தெரியக் கூடாது, பேச்சுவாக்கில் சொல்லிவிடாதீர்கள்.

வராத நாளுக்குப் புள்ளி வைக்காதீர்கள், கோட்டையும் அந்த இடத்தில் சேர்க்காமல் அறுத்து விடுங்கள். சராசரி போட்டு நிரப்புகிற வழக்கம் நம்மிடம் உண்டு, அது வேண்டாம். விடுமுறையை இடைஞ்சலாகப் பார்க்காதீர்கள். விடுமுறைக்கு முந்தைய நாள் மூன்று தொகுதியையும் அளந்து, திரும்பி வந்த முதல் நாள் பாடம் தொடங்கும் முன்பே மறுபடி அளந்துவிடுங்கள். சொல்லித் தந்த இரண்டும் எவ்வளவு தங்கியிருக்கிறது, சொல்லித் தராத மூன்றாவது சும்மா இருந்த நாட்களில் ஏறியதா என்று இரண்டும் ஒரே காலையில் தெரிந்துவிடும். அறுவடைக்குப் போகிற மூன்று பேருக்கு மட்டும் மூன்றாம் தொகுதியைத் தை பிறந்த பிறகு தொடங்குங்கள். மற்ற ஆறு பேருக்கு முன்னாலும் இவர்களுக்குப் பின்னாலும் தொடங்கினால் தொடக்கம் இன்னும் ஒரு படி தள்ளிப்போகிறது, வடிவமைப்புக்கு அது பலம்தான். முன்மொழிவிலேயே அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள், பிறகு மாற்றினால் கேள்வி வரும்.